புதுசு மாஸ்டர், பழசு ஸ்லேவ்

சாதுல்லா பாயிடமிருந்து போன் வந்தபோது வீரமுத்து கச்சிராயபாளையத்தில் இருந்தான். ஒரு கரும்பு எடைமேடை ஆபீஸின் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து, உள்ளே குடும்பம் நடத்திக்கொண்டிருந்த எறும்புகளைப் பிரஷ்ஷால் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை சாயந்தரம் அவன் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்த பழைய ஹார்ட் டிஸ்க், புதன்கிழமை காலையிலிருந்து தெரியவில்லை என்றார் பாய். பட்டியல் இல்லை. இன்றைக்கு வியாழன், சனிக்கிழமை விழுப்புரத்துக்குக் குழு வருகிறது, வந்து பார்த்துக் கொடு என்றார். அதுவரைக்கும் சரிதான். மெஷின் என்றால் மக்கர் பண்ணத்தான் செய்யும். போனை வைப்பதற்கு முன்னால் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்று சொன்னார்.

"வர்றப்ப பஜார் வழியா வராத வீரமுத்து. சுத்திக்கினு வந்து பின்னால படியில ஏறிடு."

அந்த வார்த்தைதான் அவனுக்குச் சுருக்கென்றது. கள்ளக்குறிச்சி பஜாரில் அவன் கை படாத டிவி கிடையாது. டிவி ரிப்பேர் படுத்துக்கொண்ட பிறகு கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, அதே கடைகளுக்குள் அதே ஸ்க்ரூ டிரைவரோடு நுழைந்தவன். பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட யார் வீட்டுக்கும் பின்னால் படியில் ஏறியதில்லை. ஏன் என்று கேட்பதற்குள் பாய் வைத்துவிட்டார்.

ஏன் என்பது பஸ் ஸ்டாண்டில் தெரிந்தது. டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே டீக்கடை சின்னராசு கை தட்டிக் கூப்பிட்டான். வீரமுத்துவின் சொந்த ஊரான களமருதூருக்குப் பக்கத்து ஊர்க்காரன், சாதியும் ஒன்று. டீயை நீட்டிக்கொண்டே கண்ணைச் சிமிட்டினான்.

"பாய்ங்க லிஸ்ட்ட சுத்தமா தொடச்சிட்டியாமே. கமுக்கமா வேலைய முடிச்சிருக்க. நம்ம ஆளுன்னா நம்ம ஆளுதான்."

வீரமுத்து டீயை வாங்கவில்லை. யார் சொன்னது என்று கேட்டான். பஜாரே சொல்லிக்கினு இருக்குது என்றான் சின்னராசு. அவங்களுக்குத் தனியாக ஒதுக்கீடு போனால் நம்ம பங்கில்தானே கை வைப்பார்கள், நீ செய்தது சரிதான், பயப்படாதே, ஏதாவது ஒன்று என்றால் நாங்கள் இருக்கிறோம் என்று தோளைத் தட்டினான்.

செய்யாத திருட்டுக்கு ஒரு தெரு திட்டுகிறது, இன்னொரு தெரு மாலை போடுகிறது. திட்டைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்தப் பாராட்டு உடம்பெல்லாம் சாக்கடைத் தண்ணீர் பட்ட மாதிரி இருந்தது. வீரமுத்து தோளிலிருந்து அந்தக் கையை எடுத்துவிட்டு நடந்தான். பின்பக்கமாகப் போகவில்லை. பஜாருக்குள் நுழைந்து, ஓரமாகக்கூடப் போகாமல், நடு ரோட்டில் நடந்தான். ஹாரன் அடித்த மினி லாரிக்கும் வழி விடவில்லை. வழக்கமாகக் கூப்பிட்டுக் குசலம் விசாரிக்கிற பேன்சி ஸ்டோர்க்காரர் அவனைப் பார்த்ததும் கல்லாவுக்குக் கீழே எதையோ தேட ஆரம்பித்தார். செருப்புக் கடையில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

அது 2007, ஆடி மாசம். முஸ்லிம்களுக்குத் தனி இட ஒதுக்கீடு வேண்டும் என்று ஊர் ஊராக ஊர்வலமும் கூட்டமுமாக இருந்த வருஷம். கள்ளக்குறிச்சியில் ஒரு கமிட்டி போட்டு வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். எத்தனை பேர், எவ்வளவு படிப்பு, என்ன தொழில், யாராவது சர்க்கார் வேலையில் இருக்கிறார்களா. கள்ளக்குறிச்சி, தியாகதுருகம், சின்னசேலம், எலவனாசூர்கோட்டை என்று சுற்றி, கடைசியில் கல்வராயன் மலை மேலே வெள்ளிமலையில் கடை வைத்திருக்கிற பதினோரு குடும்பம் வரைக்கும் போய் எழுதினார்கள். மொத்தம் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு வீடு. அதை முழுக்க உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றியது ரஜியா என்ற ஒரே பெண். தையல்காரர் ஒருவரின் மனைவி, டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். சாதுல்லா பாயின் பைப் கடைக்கு மேலே இருக்கிற அறையில் நாலு மாசம் தட்டினாள். ஒதுக்கீடு பற்றி விசாரிக்க சனிக்கிழமை விழுப்புரத்துக்கு வருகிற சர்க்கார் குழுவிடம் கொடுக்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான். படிவங்கள் மூட்டை கட்டிக் கிடந்தன, ஆனால் அதை இரண்டு நாளில் யாரும் திரும்ப அடிக்க முடியாது.

பட்டியல் வளர வளர அந்தப் பழைய மெஷின் மூச்சு வாங்கியது. ஒரு தடவை சேவ் கொடுத்தால் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதனால்தான் வீரமுத்துவைக் கூப்பிட்டார்கள். செவ்வாய்க்கிழமை அவன் புது போர்டு, புது ராம், எண்பது ஜிபி புது டிஸ்க் எல்லாம் போட்டான். பட்டியல் இருந்த பழைய டிஸ்க்கையும் அதே கேபிளில் கூடவே மாட்டினான். ஏற்றிப் பார்த்தான், பட்டியல் திறந்தது, ரஜியாவே பார்த்தாள். அதைப் புது டிஸ்க்கில் ஒரு பிரதி போட்டுவிடலாம் என்று கை வைக்கும்போது கரண்ட் போனது. அரை மணி நேரம் பார்த்துவிட்டு, நாளைக்கு வந்து போடுகிறேன் என்று பெட்டியை மூடிவிட்டுக் கிளம்பினான். மறுநாள் வரவில்லை, கச்சிராயபாளையம் வேலைக்குப் போய்விட்டான். அது அவன் தப்புதான். அந்த ஒரு தப்பை அவன் படியேறும்போது தனக்குள் ஒத்துக்கொண்டான். அதற்கு மேல் எதையும் ஒத்துக்கொள்வதாக இல்லை.

மேலே மூன்று பேர் இருந்தார்கள். சாதுல்லா பாய் அவன் முன்பக்கப் படியில் ஏறி வருவதைப் பார்த்து நெற்றியைத் தடவிக்கொண்டார். கமிட்டிக்குத் தலைவர் அவர். சண்டை என்றால் கடையை மூடிவிட்டுப் போய்விடலாமா என்று யோசிக்கிற ரகம். ரஜியா அணைந்து கிடந்த மெஷினுக்குப் பக்கத்தில் முக்காட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள், இரண்டு நாளாகத் தூங்காத கண். மூன்றாவது ஆள் செயலாளர் அப்துல்லா. இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. நாற்காலியைப் பெட்டிக்கு முன்னால் போட்டு, அதன்மேல் காவல்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பொட்டியத் தொடாத" என்றார் அப்துல்லா. "மொதல்ல பதில் சொல்லு. நாலு மாச வேலை. நீ வந்துட்டுப் போன ராத்திரியில காணாம போவுது. அது எப்படி?"

எப்படி என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்றான் வீரமுத்து. கூப்பிட்டது நீங்கள்தான் என்றான். அப்துல்லா கேட்கிற நிலையில் இல்லை. இந்தக் கேள்விகளை அவர் நேற்றைக்கே அடுக்கி வைத்துவிட்டிருந்தார்.

"எண்பத்தேழுல உளுந்தூர்பேட்டை ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டவன்தானே நீ. மறைக்காத, எனக்குத் தெரியும். நீங்க கேட்டீங்க, வாங்கினீங்க. இப்ப நாங்க கேட்டா வயிறு எரியுது."

மரம் வெட்டியது உண்மைதான், சாதிக்கு ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில். அப்போது அவனுக்கு இருபது வயசு. பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம். எல்லாரோடும் சேர்த்து அவனையும் போலீஸ் லாரியில் ஏற்றிக்கொண்டு போனது. பதினோரு நாள் கழித்து வெளியே வந்தான். கேஸுக்கு அலைந்து அலைந்து பாலிடெக்னிக் நின்றது. அப்புறம் ஒதுக்கீடு வந்தது, அவனுக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் போனார்கள். அவன் ஒரு டிவி கடையில் ராத்திரி வேலைக்குச் சேர்ந்து ஈயம் உருக்கிப் புகையைக் குடித்தான். அதைப் பற்றி அவன் யாரிடமும் புலம்பியதில்லை. ஆனால் அதை வைத்தே ஒருத்தர் தன்னைத் திருடன் என்று சொல்வார் என்று நினைத்ததில்லை.

"ஆமா சார், வெட்டினேன்" என்றான். "லிஸ்ட்டு இல்லாம போய்க் கேட்டோம். அதனாலதான் அடி வாங்கினோம். லிஸ்ட்டு இன்னான்னு உங்களவிட எனக்கு நல்லா தெரியும். எழுந்திருங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. சாதுல்லா பாய்தான் கையைப் பிடித்து எழுப்பி, பக்கத்து பெஞ்சில் உட்கார வைத்தார். மூன்று பேரும் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லித்தான் செய்வேன் என்றான் வீரமுத்து. பெட்டியைத் திருப்பினான். பின்பக்கத் திருகுகளைப் பார்த்ததும் அவன் கை நின்றது.

டிவி காலத்திலிருந்து அவனுக்கு ஒரு பழக்கம். வேலை முடிந்து பெட்டியை மூடினால், இரண்டு திருகின் தலையில் அவன் பெண்டாட்டி அமிர்தத்தின் சிவப்பு நகப்பூச்சை ஒரு பொட்டு வைத்துவிடுவான். வேறு யாராவது திறந்தால் பொட்டு உடைந்துவிடும். வாரண்டி சண்டை வரும்போது காட்டுவதற்கு. இப்போது இரண்டு பொட்டும் உடைந்து, சிவப்புப் பொருக்கு தகரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இத யாரு தொறந்தது?"

யாரும் திறக்கவில்லையே என்றார் சாதுல்லா பாய். ரஜியா இல்லை என்று தலையசைத்தாள். அப்துல்லா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, பெட்டி கமிட்டியுடையது, யார் திறந்தால் இப்போது என்ன, பேச்சை மாற்றாதே என்றார்.

வீரமுத்து பேச்சை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தான். கரண்ட் கொடுத்து, மெஷின் கண் விழிக்கும்போதே உள் செட்டிங்கைத் திறந்தான். நீலத் திரையில் எந்தெந்த டிஸ்க் இருக்கிறது என்று வரிசையாகக் காட்டியது. புது டிஸ்க்கின் பேர் இருந்தது. அதற்குக் கீழே பழைய டிஸ்க்கின் பேர் இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றுமில்லை என்று இருந்தது. ரஜியா அதைப் படித்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

பக்கத் தகரத்தைக் கழற்றினான். பழைய டிஸ்க்கின் மேல் விரலை வைத்தான், பிறகு குனிந்து காதை வைத்தான். உள்ளே சுற்றுகிற சத்தம் சீராகக் கேட்டது. செத்த டிஸ்க் கரகரக்கும், இல்லை சும்மா கிடக்கும். இது நல்லபடியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உசிரு இருக்குது என்று சொல்லிவிட்டு, ரஜியாவையும் காதை வைத்துப் பார்க்கச் சொன்னான். அவள் வைத்துப் பார்த்தாள். அப்துல்லா, நாடகம் போதும் என்றார்.

பவர் வயரை மாற்றினான். அதே கதைதான். கேபிளைக் கழற்றிப் பையிலிருந்த வேறு கேபிளைப் போட்டான். அப்போதும் ஒன்றுமில்லை. இரண்டு தடவையும் திரையில் வந்தது அதே வார்த்தைதான், இரண்டு தடவையும் அப்துல்லா பெஞ்சிலிருந்து ஒரு செருமல் செருமினார். ஒரு நொடி வீரமுத்துவுக்கே சந்தேகம் வந்தது, நிஜமாகவே தன் கையால் ஏதாவது ஆகிவிட்டதோ என்று. அந்த நொடிக்காக அவனுக்கு அந்த ஆள்மேல் இன்னும் கோபம் வந்தது.

மூன்றாவதாக, புது டிஸ்க்கைக் கேபிளிலிருந்து பிடுங்கிவிட்டு, பழையதை மட்டும் தனியாக விட்டான். திரை வந்தது. பழைய டிஸ்க்கின் பேர் பளிச்சென்று நின்றது. ஆனால் அது நின்றது முதல் வரியில், மாஸ்டர் என்ற இடத்தில்.

ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டினால் ஒன்று மாஸ்டர், இன்னொன்று ஸ்லேவ். எது எது என்று சொல்வதற்கு டிஸ்க்கின் பின்னால் ஊசி மாதிரி சில முனைகள் இருக்கும். அதில் உளுந்து அளவு ஒரு பிளாஸ்டிக் தொப்பி. ஒரு ஜோடி முனையில் மாட்டினால் மாஸ்டர், பக்கத்து ஜோடியில் மாட்டினால் ஸ்லேவ். இரண்டுமே நான்தான் மாஸ்டர் என்று நின்றால் மெஷின் ஒன்றைத்தான் பார்க்கும், இன்னொன்று கூடவே இருந்தும் இல்லாததுதான். செவ்வாய்க்கிழமை அவன் பழைய டிஸ்க்கின் தொப்பியை ஸ்லேவில்தான் வைத்தான். அப்படி வைத்ததால்தான் பட்டியல் திறந்தது.

டார்ச்சை அடித்துப் பார்த்தான். தொப்பி இடம் மாறியிருந்தது. பிளாஸ்டிக்கின் ஓரத்தில் இடுக்கியால் பிடித்த பல் தடம்.

"இதுக்குக் கால் முளைச்சி நடக்காது" என்றான். "யாரோ தொறந்து, இந்தத் தொப்பிய எடுத்து மாஸ்டர்ல போட்டிருக்காங்க. இது மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல இங்கிலீஷ்ல எழுதியிருக்குது, எங்க வெச்சா எதுன்னு. அதப் படிக்கத் தெரிஞ்சவங்க."

அறையில் இருந்த மூன்று பேருக்குமே அதைப் படிக்கத் தெரியும். ஆனால் சாதுல்லா பாயும் ரஜியாவும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்துல்லா மறைக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்ற ஆள், எழுந்து நின்றுதான் சொன்னார்.

"ஆமா, நான்தான் மாத்தினேன். அன்னைக்கு நீதானே சொன்ன. அது இன்னாடா தொப்பின்னு கேட்டேன். புதுசு மாஸ்டர், பழசு ஸ்லேவுன்னு சொல்லிட்டு சிரிச்ச. பழசுல இருக்கிறது யாரு? நாலாயிரம் வூட்டு ஜனம். அவங்கள ஸ்லேவுன்னு வெச்சிட்டுப் போவ, நான் கைய கட்டிக்கினு பாத்துக்கினு இருக்கணுமா?"

சிரித்தானா என்று வீரமுத்துவுக்கு ஞாபகம் இல்லை. சிரித்திருக்கலாம், கரண்ட் போன எரிச்சலில். அந்த வார்த்தையை அவன் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வான். கரும்பு ஆபீஸிலும் சொல்வான், லேத் பட்டறையிலும் சொல்வான். அதற்கு அடிமை என்று ஒரு அர்த்தம் இருப்பதே அவன் மனசுக்கு எட்டியதில்லை. கேபிளில் இரண்டாவது இடம், அவ்வளவுதான். இந்த மனுஷர் அன்றைக்கு எமர்ஜென்சி விளக்கை வைத்துக்கொண்டு, கடையிலிருந்து ஒரு இடுக்கியை எடுத்துவந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் ஜனத்துக்கு விடுதலை வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

"மாத்தினது நீங்க. மறுநாள் காணோம்னதும், வீரமுத்து அழிச்சிட்டான்னு பஜார் பூரா சொன்னதும் நீங்களா?"

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றார் அப்துல்லா. அவர் நிஜமாகவே சம்பந்தப்படுத்திப் பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வீட்டு வாசலில் பேர்ப் பலகையை மாற்றினால் வீடு காணாமல் போகுமா என்று கேட்டார். "அது வெறும் பேருதானே" என்றார்.

ரஜியா அதுவரை வாய் திறக்கவில்லை. கமிட்டிக் கூட்டம் நடக்கும்போது அவள் கீழே கடையில் உட்கார்ந்திருப்பாள், முடிந்த பிறகு மேலே வந்து தட்டுவாள். இப்போது நிமிர்ந்து கேட்டாள்.

"வெறும் பேருன்னா நீங்க ஏன் சார் மாத்தினீங்க?"

அப்துல்லா பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, திரும்பவும் செருகிக்கொண்டார்.

வீரமுத்து டிஸ்க்கிலிருந்து கழற்றிய அந்தத் தொப்பி அவன் உள்ளங்கையில் இருந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். பஜாரில் நின்று நீங்கள் செய்ததைச் சொல்லுங்கள், அப்புறம் மாட்டுகிறேன் என்று சொல்லலாம். அப்படிச் சொல்ல அவன் வாய் தவித்தது. சின்னராசுவின் கை இன்னும் தோளில் இருப்பது போல இருந்தது. பட்டியலைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசினால், சின்னராசு சொன்ன ஆளாகவே தான் ஆகிவிடுவோம். அந்த நினைப்புதான் அவனைக் குனிய வைத்தது.

பெட்டிக்குள் இன்னொரு கேபிள் இருந்தது, சிடி டிரைவுக்குப் போவது. பழைய டிஸ்க்கைக் கழற்றி அதில் மாட்டினான், பிடுங்கி வைத்த புது டிஸ்க்கை அதன் பழைய கேபிளிலேயே திரும்ப மாட்டினான். தொப்பியை மாஸ்டரிலேயே வைத்தான். சிடி டிரைவின் தொப்பியை எடுத்து ஸ்லேவில் போட்டான்.

"பாருங்க சார். இப்ப ரெண்டு கேபிள், ரெண்டு மாஸ்டர். ஒரு வார்த்த என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே இப்படி வெச்சிட்டுப் போயிருப்பேன். சிடி டிரைவு ஸ்லேவா இருந்துட்டுப் போவட்டும். அதுக்கு சங்கம் இல்ல."

சாதுல்லா பாய் சிரித்துவிட்டார், உடனே இருமலாக மாற்றினார். மெஷின் எழுந்தது. ரஜியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பட்டியல் திறந்ததும் நேராகக் கடைசிக்குப் போனாள். வெள்ளிமலை, பதினோரு குடும்பம். மழையில் நனைந்து மை ஊறிப்போன படிவங்களைப் பார்த்து அவள் கஷ்டப்பட்டு அடித்தது அது. பதினொன்றையும் விரல் வைத்து எண்ணினாள். பிறகு மேலே போய் முதல் வீட்டிலிருந்து பார்க்கத் தொடங்கினாள். வீரமுத்து அவளை நிறுத்தி, முதலில் புது டிஸ்க்கில் பிரதி போட்டான், அதைத் திறந்தும் காட்டினான். பிறகு பிரின்டரைப் போட்டு விட்டான். காகிதம் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது.

சாதுல்லா பாய்க்கு முகம் தெளிந்துவிட்டது. எப்படியோ கிடைத்துவிட்டது, இதோடு விட்டுவிடலாம் வீரமுத்து என்றார். பெரிய மனுஷர், வயசானவர், ஏதோ ரோஷத்தில் செய்துவிட்டார் என்றார். சனிக்கிழமை காரியம் முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார்.

"எம் பேரு?" என்றான் வீரமுத்து.

பாய் புரியாத மாதிரி பார்த்தார்.

"உங்க லிஸ்ட்டு கெடச்சிடுச்சி பாய். எம் பேரு பஜார்ல கெடக்குது. அத யாரு எடுத்துக் குடுப்பா?"

பேசிக்கொள்ளலாம், பேசிக்கொள்ளலாம் என்றே பாய் சொல்லிக்கொண்டிருந்தார். அப்துல்லா பிரின்டரிலிருந்து வந்த காகிதங்களை ஓரம் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். வீரமுத்து திருகுகளை முடுக்கினான். பொட்டு வைக்கவில்லை. படியிறங்கும்போது ரஜியா எதையோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அவன் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளே போன் செய்தாள். தொழுகை முடியும் நேரத்துக்கு பைப் கடை முன்னால் வாங்கண்ணே, வந்து படித்துவிட்டுப் போங்கள் என்றாள். எதை என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. போவதில்லை என்றுதான் முடிவு செய்தான். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

பைப் கடை ஷட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை உண்டு. கமிட்டி அறிவிப்பெல்லாம் அதில்தான் ஒட்டுவார்கள். ஊர்வலம் எத்தனை மணிக்கு, விழுப்புரம் வேன் எங்கே நிற்கும் என்று எப்போதும் ஏதாவது இருக்கும், தொழுகை முடிந்து வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அன்றைக்கு அதில் புதுசாக ஒரு தாள். அதே மெஷினில் அடித்து அதே பிரின்டரில் எடுத்தது.

'நமது பட்டியல் இரண்டு நாட்கள் கிடைக்காமல் போனதற்கு, கம்ப்யூட்டர் சரிசெய்த திரு. வீரமுத்து காரணம் அல்ல. செயலாளர் அப்துல்லா அவர்கள் பெட்டியைத் திறந்து ஒரு இணைப்பைத் தெரியாமல் மாற்றிவிட்டார். அதுவே காரணம். பட்டியலை மீட்டுக் கொடுத்தது திரு. வீரமுத்து. இப்படிக்கு, ரஜியா, பட்டியலைத் தட்டச்சு செய்தவர்.'

கமிட்டி அறிவிப்பில் அவள் பேர் வந்தது அதுதான் முதல் தடவை. சாதுல்லா பாய் கடைக்குள்ளே கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, தனக்கும் அந்தத் தாளுக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி வால்வு ஒன்றைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரஜியாவைக் காணோம். மேல் அறை ஜன்னல் மட்டும் அரைவாசி திறந்திருந்தது.

முன்னால் நின்ற நாலைந்து பேர் படித்து முடித்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டபோது கூட்டம் விலகியது. அப்துல்லா வந்துகொண்டிருந்தார். தாளைக் கிழித்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வீரமுத்துவும் அப்படித்தான் நினைத்தான். கிழிக்கட்டும், கிழித்தால் இந்த பஜார் பக்கமே இனிமேல் திரும்புவதில்லை என்று பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நோட்டுத் திருத்துகிறவர் மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். 'தெரியாமல்' என்ற வார்த்தையின்மேல் ஒரு கோடு இழுத்தார். மறுபடியும் ஒரு கோடு, அழுத்தமாக. அதற்கு மேலே 'தெரிந்தே' என்று எழுதினார். ரஜியாவின் பேருக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டு, தேதியும் போட்டார்.

"தெரியாம செய்யறதுக்கு நான் இன்னா கொழந்தையா" என்றார், யாரிடமும் இல்லாமல். வீரமுத்து நிற்பதை அவர் பார்த்தார். பார்த்துவிட்டுப் படியேறி மேலே போய்விட்டார்.

வீரமுத்துவுக்குக் கோபம் போகவில்லை. அந்த ஆளின் வாயிலிருந்து ஒரு மன்னிப்பு வரும் என்று அவன் எங்கேயோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தான் போல. அது வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை. தன் தப்பைக்கூடத் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் அந்த மனுஷரால் எழுத முடிகிறது. ஆனால் எழுதிவிட்டார், நட்ட நடு பஜாரில்.

தொழுகை முடிந்த கூட்டம் இப்போதுதான் மொத்தமாக வர ஆரம்பித்தது. தலையில் குல்லாய் வைத்த ஒரு வயசானவர், வெளியூர்க்காரர் போலிருந்தது, பலகைக்கு முன்னால் நின்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். கண்ணாடி இல்லை. பக்கத்தில் நின்ற வீரமுத்துவின் கையைத் தொட்டு, இன்னா எழுதியிருக்குது தம்பி, கொஞ்சம் படியேன் என்றார்.

வீரமுத்து முன்னால் நகர்ந்து படித்தான். செருப்புக் கடை வரைக்கும் கேட்கிற மாதிரி, ஒரு எழுத்து விடாமல் படித்தான். அடித்த இடம் வந்ததும், தெரியாமல்னு இருந்தத அடிச்சிட்டு தெரிந்தேன்னு எழுதியிருக்குது என்று அதையும் சேர்த்துச் சொன்னான். அங்கங்கே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேன்சி ஸ்டோர்க்காரர் வெளியே வந்து நின்றார்.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டார்.

"யாருப்பா இந்த வீரமுத்து?"

"நான்தான்" என்றான்.